பூட்டுவதற்கு ஒரு விசை, கூவுவதற்கு ஒரு விசை

சீசன் முடிந்து, ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவர்களும் சோளக்கதிர் சுடுகிறவர்களும் அருகிப்போய், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு கோடைக்கானலில் ஒரு மாலை நடந்துவிட்டு வந்தவர்களுக்கு, அவ்வூரில் எத்தனை பங்களாக்கள் வருஷத்தின் பெரும்பகுதி ஆளரவமின்றிப் பூட்டிக் கிடக்கின்றன என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெளிக்கதவில் சங்கிலி கிடக்கும். சன்னல்களில் உள்ளிருந்து திரை இழுத்து விடப்பட்டிருக்கும். பின்புறத்தில், சமையற்கட்டை ஒட்டிய சிறிய அறையில் மட்டும் ஒரு விளக்கு எரியும். அந்த விளக்கின் கீழ்க் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் வில்பட்டியிலிருந்தோ பூம்பாறையிலிருந்தோ வந்த ஒரு முதியவராக இருப்பார். வீட்டுக்கு உடையவர் மதுரையிலோ சென்னையிலோ கடல் கடந்தோ இருப்பார். இவ்விருவருக்கும் நடுவே, முன்கதவுக்கு உட்புறச் சுவரில், இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அகலத்தில், பச்சை விளக்கு ஒன்று சதா எரிந்துகொண்டிருக்கும் ஒரு பெட்டி இப்போது பல வீடுகளில் வந்துவிட்டது. அதைத் தொழிலில் இருப்பவர்கள் கீபேட் என்கிறார்கள். வாட்ச்மேன்மார்கள் 'அலாரம் பெட்டி' என்கிறார்கள். அந்தப் பெட்டியில் எண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து விசைகளைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

இத்தனை சிறிய விஷயத்துக்கு இத்தனை இடம் தேவையா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஒரு விசை என்ன செய்ய வேண்டும் என்பதை யார், எப்போது, எவருடைய கையை மனத்தில் கொண்டு தீர்மானித்தார் என்பதில்தான் ஒரு வயோதிகர் இரவில் நிம்மதியாக உறங்குவதும், நடுநடுங்கிப்போய் வெளியே குளிரில் நிற்பதும் அடங்கியிருக்கிறது என்பதை என் குடும்பத்திலேயே கண்டவன் என்ற முறையில், இது எழுதத் தகுந்த விஷயமே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

என் தமக்கையார் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நான்கு. செண்பகனூர்ப் பக்கத்தில், கணவர் விட்டுச் சென்ற பழைய ஓட்டு வீட்டில் ஆண்டில் பாதி நாள் தனியே இருக்கிறார். பிள்ளைகள் வற்புறுத்தி ஓர் அலாரம் வைத்துக் கொடுத்தார்கள். வைத்தவர்கள் ஒரு பிற்பகல் வந்து, கதவுகளுக்குக் காந்தமும் கூடத்துக்கு ஆள் நடமாட்டத்தை உணரும் கருவியும் பொருத்தி, கூரையடியில் சைரனைக் கட்டி, நான்கு இலக்க ரகசிய எண் ஒன்றைச் சொல்லிவிட்டு, 'இந்த விசையை அழுத்தினால் போதும், அம்மா' என்று ஒரு விசையைக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் மலை இறங்கிப் போய்விட்டார்கள். கார்த்திகை மாதத்து ஓர் இரவில் அக்கா படுக்கப் போகுமுன் விசையை அழுத்தினார். நடுநிசிக்கு மேல் தாகம் எடுத்து, கூடத்தைத் தாண்டிச் சமையற்கட்டுக்குப் போக எழுந்தார். மறுகணம் சைரன் அலறத் தொடங்கியது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. எண் ஞாபகத்துக்கு வரவில்லை. விசைகளின் மேல் இருந்த ஆங்கில எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. பின்கட்டிலிருந்து ஓடிவந்த காவற்காரப் பெரியவருக்கோ அந்த எண் சொல்லப்படவே இல்லை. அக்கா வாசற்படியில் சால்வையும் இன்றி நின்றுகொண்டிருக்க, அவர் ஏணி வைத்து ஏறி சைரனின் கம்பியைப் பிடுங்கி எறிந்தார். அதன் பிறகு மூன்று மாத காலம் அந்த அலாரம் ஒரு முறைகூடப் போடப்படவில்லை.

நடந்த பிழை என்ன? அந்தப் பெட்டியில் இரண்டு விசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று, வீட்டில் ஒருவரும் இல்லாதபோது அழுத்த வேண்டியது. அதை அழுத்தினால் கதவு, சன்னல் மட்டுமன்றி உள்ளே இருக்கும் நடமாட்டக் கருவிகளும் விழித்துக்கொள்ளும். மற்றொன்று, வீட்டுக்குள் மனிதர்கள் படுத்துறங்கும்போது அழுத்த வேண்டியது. அதில் வெளிக்கதவும் சன்னலும் மட்டும் காவலில் இருக்கும், உள்ளே நடமாடலாம். தமக்கையார் இரண்டாவதை அழுத்துவதாக எண்ணி முதலாவதை அழுத்திவிட்டார். இது வயதின் குறை அன்று. இருபது வயது இளைஞனும், தூக்கக் கலக்கத்தில், ஒரே அளவில் ஒரே நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு விசைகளில் ஒன்றைத் தவறாகத் தொடுவான்.

இந்த விசைகளைத் தொழிற்சாலையில் அச்சிட்டபடியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை என்பதுதான் அதிகம் பேருக்குத் தெரியாத செய்தி. கனடா தேசத்து டி.எஸ்.சி. நிறுவனத்தின் பவர்சீரிஸ் என்ற வகைக் கீபேடை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். உலகெங்கும் லட்சக்கணக்கில் சுவரேறிய வகை அது. வலப்புறம் ஐந்து விசைகள். பெட்டியைப் பிரித்தவுடன் முதல் விசை 'உள்ளே இருக்கிறோம்' என்பதற்கும், இரண்டாவது 'வெளியே போகிறோம்' என்பதற்கும், மூன்றாவது பகல் வேளையில் கதவு திறந்தால் 'டிங்' என்று மெல்ல ஒலிப்பதற்கும், நான்காவது புகை உணரும் கருவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கும், ஐந்தாவது காவலை எடுக்காமலே சற்று வெளியே போய்வருவதற்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். நட்சத்திர விசையையும் 8ஐயும் அழுத்தி, பொருத்துநருக்குரிய ரகசிய எண்ணைக் கொடுத்து, 000 என்ற பகுதிக்குள் போனால், எந்த விசை என்று 1 முதல் 5 வரை ஓர் எண், என்ன வேலை என்று இரண்டு இலக்கத்தில் ஓர் எண், இவ்வளவுதான். 03 என்றால் உள்ளே இருக்கும் காவல், 04 என்றால் வெளியே போகும் காவல், 06 என்றால் கதவு மணி, 00 என்றால் அந்த விசைக்கு வேலையே இல்லை. ஹனிவெல் நிறுவனத்தின் விஸ்டா வகையில் ஏ, பி, சி, டி என்று நான்கு விசைகள் இருக்கின்றன. அவற்றைப் பொருத்துநரின் நிரற்பகுதியில் #57 என்ற பட்டியலுக்குள் போய் மாற்றலாம். பல விசைகளை வரிசையாக அழுத்தும் ஒரு தொடரையே ஒரு விசைக்குள் அடக்கிவைக்கவும் அதில் இடம் உண்டு. இவ்விதம் எழுதியவை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் தங்கிவிடுவதால், மலையில் மூன்று நாள் கரண்டு இல்லாமற்போனாலும் விசைகள் தாம் கற்றதை மறப்பதில்லை.

இப்படி ஒரே அழுத்தில் வேலையை முடிக்கும் விசையைக் குறுக்குவிசை எனலாம்; குறுக்குவழியைப் பழனி மலைவாசிகள் அறியாதவர்கள் அல்லர். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டிய காலத்தில் மோட்டார்ப் பாதை ஏது? பெரியகுளத்துக்கு அப்பால் மலையடிவாரத்துத் தோப்பில் இரவு தங்கி, விடியுமுன் டோலியிலும் மட்டக்குதிரையிலும் கால்நடையாகவும் செங்குத்தாக ஏறிவந்தார்கள். வத்தலக்குண்டு வழியாகப் பாதை போட்ட பிறகும், கொண்டையூசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டிராமல் நடுவே வெட்டிக்கொண்டு ஏறும் ஒற்றையடித் தடங்களை ஊர்க்காரர்கள் விட்டுவிடவில்லை. அந்தத் தடம் எந்த வளைவில் போய் ஏறுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மூடுபனியில் புதிதாக வந்தவன் அதில் இறங்கினால் ஓடையில்தான் போய் நிற்பான். அலாரப் பெட்டியின் குறுக்குவிசையும் அத்தகையதே. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அழுத்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; தெரியாதவருக்கு அமைத்துக் கொடுப்பதாயின், தப்பான இடத்துக்குப் போகவே முடியாதபடி அமைத்துக் கொடுக்க வேண்டும்.

மாசி மாதத்தில் திண்டுக்கல்லிலிருந்து வேறொரு பொருத்துநரை வரவழைத்தோம். பொறுமையுள்ள இளைஞர். அவர் திருப்புளியை எடுக்குமுன் அக்காவிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரவில் எத்தனை முறை எழுந்திருப்பீர்கள், எந்தக் கதவு வழியாகப் போவீர்கள், பால்காரர் எத்தனை மணிக்கு வருவார், காவற்காரர் எங்கே படுக்கிறார் என்றெல்லாம் கேட்டார். பிறகு முதல் விசையை 'உள்ளே இருக்கிறோம்' என்பதற்கே விட்டுவிட்டு, இரண்டாவது விசையை வெறுமையாக்கினார். 'வெளியே போகிறோம்' என்பதைக் கடைசி விசைக்குக் கொண்டுபோனார். இவற்றுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றும் செய்யாத விசை ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அனுபவித்தவர்களுக்கே தெரியும். ஒரு விசைக்கு வேலை கொடாமல் விடுவதும் அதை அமைப்பதில் ஒரு பகுதியே என்று அன்றுதான் நான் உணர்ந்தேன்.

மூன்றாவது விசையான கதவு மணியை அவர் தொடவில்லை. அது கோடைக்கானலுக்கென்றே ஏற்பட்டதுபோன்ற வசதி. பகலில் கதவைச் சாத்தி வைத்தாலும் குரங்குகள் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்து சர்க்கரை டப்பாவோடு கூரையேறிவிடுகிற ஊரில், பின்கதவு அசைந்தவுடன் முன்னறையில் ஒரு சிறு ஒலி கேட்பது அக்காவுக்குப் பெரிய சகாயம். காவலை எடுக்காமலே வெளியே போய்வரும் விசை நான்காம் இடத்துக்கு வந்தது. விடியற்காலையில் பால் வாங்கக் கதவைத் திறக்க இரண்டு நிமிஷ அவகாசம் தரும்.

நடமாட்டக் கருவியின் விஷயமும் அன்று வெளிப்பட்டது. முதலில் வந்தவர்கள் அதைக் கணப்புக்கு எதிரிலேயே பொருத்தியிருந்தார்கள். அந்தக் கருவி மனித உடலிலிருந்து வெளிப்படும், கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்கள் நகர்வதை உணர்வது. சமவெளியில், சித்திரை வெயிலில் சுவரே உடம்பின் சூட்டை எட்டிவிடும்போது அது ஆளைச் சுவரினின்று பிரித்தறியத் திணறும். இங்கே, ஏழாயிரம் அடி உயரத்தில், மார்கழி, தை மாதங்களில் வெளியே உறைபனி படியும் இரவுகளில், குளிர்ந்த சுவரின் முன் எந்தச் சிறு வெப்பமும் அதற்குப் பட்டப்பகல்போல் தெரியும். கணப்பில் கட்டை சரிந்து தீ எழும்பினாலும் போதும். மரச்சட்டங்களோ மழைக்காலத்தில் ஊதி, கோடையில் சுருங்கும் இயல்புடையவை. கதவின் காந்தத்துக்கும் சட்டத்திலுள்ள சுவிட்சுக்கும் இடைவெளி சற்று அகன்றுவிட்டால், கதவு திறந்துவிட்டதென்று பெட்டி நம்பிவிடும். அப்போது எந்தக் காவல் விசையை அழுத்தினாலும் மறுத்துவிடும், அழுத்தியவருக்குக் காரணம் விளங்காது. ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவும் கடுங்குளிரில் கணிசமாகக் குறையும். ஆகையால் மலைவீட்டில் அலாரம் பொருத்துகிறவர் சமவெளியில் செய்ததை அப்படியே இங்கே செய்துவிட்டுப் போவது உசிதமன்று; ஐப்பசியில் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவதாக ஒப்புக்கொண்டால்தான் பணம் கொடுக்க வேண்டும்.

பூட்டு விஷயத்தில் இப்பகுதிக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. கோடைக்கானலும் பழனியும் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்தின் தலைநகரம் பூட்டுக்குப் பெயர் போனது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவில் வார்த்த மாங்காய்ப் பூட்டையும், சாவியைத் திருப்பும்போதெல்லாம் மணி ஒலிக்கும் மணிப்பூட்டையும் நம் பாட்டனார் காலத்து வீடுகளில் பார்த்திருக்கிறோம். திறக்கிறவன் யாராயினும் வீட்டாரின் காதுக்கு அது எட்ட வேண்டும் என்ற யோசனை, மின்சாரம் வீடுகளுக்கு வருமுன்பே கொல்லுப்பட்டறையில் உதித்துவிட்டது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றது 1853இல். கதவு திறந்தால் சுற்று மூடி மணியடிக்கும் எளிய ஏற்பாடு அது. இப்போது நாம் விரல் வைக்கும் எண்பலகையின் வரிசை, 1963இல் பெல் கம்பெனி கொண்டுவந்த பொத்தான் தொலைபேசியினின்று வந்தது. நட்சத்திரமும் சதுரக்குறியும் 1968இல் அதில் சேர்ந்தன. வீடுகளுக்குக் கணிப்பொறி வருமுன்பே இவ்விரு குறிகளும் 'இனி வருவது எண்ணல்ல, கட்டளை' என்று இயந்திரத்துக்கு அறிவிக்கும் வேலையைச் செய்யப் பிறந்துவிட்டன.

குறுக்குவிசையைப் பற்றி எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதுவது ஒன்று உண்டு. பூட்டுவதற்கு எவ்வளவு சுருக்கமான வழி வைத்தாலும் குற்றமில்லை; திறப்பதற்கு ஒருபோதும் வைக்கலாகாது. காவல் போடுவது ஒரே விசையில், ரகசிய எண் கேளாமல், எவரும் செய்யத்தக்கதாக இருக்கலாம். திருடனே அழுத்தினாலும் நமக்கு நஷ்டமில்லை. காவலை எடுப்பதற்கோ முழு எண்ணையும் கேட்டே தீர வேண்டும். நல்ல பெட்டிகள் இந்த நியாயத்தைத் தாமே அனுசரிக்கின்றன. ஆனால் முதியவர்கள் சிரமப்படுகிறார்களே என்று இரக்கப்பட்டு, காவலை எடுக்கும் வேலையையும் ஒரு ரிமோட் பொத்தானுக்குக் கொடுத்து, அந்த ரிமோட்டை வாசலுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போகிற பொருத்துநர்களை நான் அறிவேன். அது சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போவதற்குச் சமானம். சிரமத்தைக் குறைப்பதாயின், உள்ளே நுழைந்த பின் எண்ணை அழுத்துவதற்குத் தரும் அவகாசத்தை முப்பது விநாடியிலிருந்து அறுபது விநாடியாக நீட்டிக் கொடுக்கலாம். கீபேடுக்கு மேலே சிறு விளக்கொன்று வைக்கலாம். முதியவருக்கு மறக்க முடியாத எண்ணை அவரே தேர்ந்தெடுக்க விடலாம்.

அந்த எண்ணைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். நான்கு இலக்க எண்கள் மொத்தம் 10,000. ஆனால் ஒரே எண்ணை வருஷக்கணக்காக அழுத்திவந்த கீபேடில் அந்த நான்கு விசைகளின் எழுத்து மட்டும் தேய்ந்து மழுங்கியிருக்கும். அவற்றைக் கண்டுகொண்டவனுக்கு மீதமிருப்பவை 24 வரிசைகளே. சில நிமிஷ வேலை. விந்தை என்னவென்றால், நான்கில் ஓர் இலக்கம் இரு முறை வரும்படி எண் வைத்துக்கொண்டால் மூன்று விசைகளே தேயும். இருப்பினும் சாத்தியமான வரிசைகள் 36 ஆகக் கூடிவிடும். தினமும் இரவில் காவல் போடுவதற்குக் குறுக்குவிசையைப் பயன்படுத்துகிறவர்களின் வீட்டில் எண்விசைகள் பாதியளவே தேய்கின்றன என்பது குறுக்குவிசையின் பேசப்படாத நன்மை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எண்ணை மாற்றுவது அதனினும் நன்மை. பெட்டியோடு வந்த 1234ஐயே வைத்துக்கொண்டிருப்பவர்களும், பொருத்துநரின் எண்ணை மாற்றச் சொல்லாமல் விட்டவர்களும், கையேட்டைப் படித்த எவனுக்கும் தங்கள் வீட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். காவற்காரருக்கென்று தனியாக ஓர் எண் கொடுப்பதைச் சிலர் கௌரவக் குறைவாக எண்ணுகிறார்கள். அது பிசகு. யார் எப்போது திறந்தார் என்பதைப் பெட்டி குறித்து வைத்துக்கொள்வதால், அவருக்குத் தனி எண் இருப்பதே அவர்மேல் வீண்பழி வாராமற் காக்கும்.

கூவுகிற விசைகளின் நியாயமே வேறு. தீ, உடல்நலக் கேடு, ஆள் புகுந்த அபாயம் என்று மூன்றுக்கும் தனித்தனி விசை பெரும்பாலான கீபேடுகளில் உண்டு. குழந்தையின் கை பட்டோ, துடைக்கும் துணி பட்டோ ஊரைக் கூட்டிவிடாதிருக்க, இரண்டு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விஸ்டா வகையில் இவற்றையே 1-நட்சத்திரம், நட்சத்திரம்-சதுரக்குறி, 3-சதுரக்குறி என்று இரண்டிரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தியும் எழுப்பலாம். இங்கே ரகசிய எண் கேட்கப்படுவதே இல்லை, கேட்கவும் கூடாது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணியை நினைத்துப் பாருங்கள். அடிப்பவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டா என்று வாயிற்காவலன் ஒருவனும் விசாரிக்கவில்லை. கன்றை இழந்த பசு கொம்பால் இழுத்தபோதும் அது ஒலித்தது. ஆபத்துக் காலத்து விசைக்கு அந்தப் பெருந்தன்மை வேண்டும். வேலைக்கு வரும் பெண்ணும், விடுமுறைக்கு வந்த பேரனும், எண் அறியாத காவற்காரரும் அதை அழுத்தும் உரிமை உடையவர்களாக இருக்க வேண்டும்.

நீலகிரியில் கோடநாடு எஸ்டேட் பங்களாவில் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து இரவொன்றில் கொள்ளையர் புகுந்தபோது உயிரை இழந்தவர் வாயிலில் நின்ற காவற்காரர். தமிழ்நாட்டு மலைகளில் பூட்டிய பங்களாக்களைக் காப்பவர்கள் எத்தகைய நிலையில் இரவைக் கழிக்கிறார்கள் என்பதை அந்தச் சம்பவம் நாட்டுக்குக் காட்டியது. ஆயினும் இன்றும் எந்த பங்களாவுக்குப் போனாலும் ஆபத்து விசை கூடத்துக்குள்ளேதான் இருக்கிறது. பூட்டிய கூடத்துக்கு வெளியே நிற்கிற மனிதருக்கு அதனால் என்ன பயன்? அவர் படுக்கும் அறையில் இரண்டாவது கீபேட் ஒன்றோ, குறைந்தபட்சம் ஓர் ஆபத்துப் பொத்தானோ வைப்பதற்கு ஆகும் செலவு, கூடத்தில் தொங்கும் திரைச்சீலையின் விலைக்கு மேல் போகாது. இதை நான் மிகுந்த மன வருத்தத்துடன் எழுதுகிறேன். வீட்டிலுள்ள பண்டங்களைக் காக்க ஆயிரக்கணக்கில் செலவிடுகிறவர்கள், அவற்றைக் காப்பவரின் உயிரைக் காக்க ஒரு பொத்தானுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்.

தீ விசை மட்டும் போதாது என்று மலையில் இருப்பவர்களுக்கு விசேஷமாகச் சொல்ல வேண்டும். குளிருக்குப் பயந்து, அடைத்த அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கி, விடிந்தபோது எழுந்திராதவர்களின் செய்தியை மலைநகரங்களிலிருந்து பத்திரிகைகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்களைக் கொன்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகையை உணரும் கருவியால் அதை உணர முடியாது. அதற்கென்றே உள்ள உணர்கருவி தனி. அலாரம் வைக்கிறவர்கள் கணப்புள்ள அறையில் அதையும் சேர்த்துப் பொருத்தச் சொல்ல வேண்டும். திருடன் வராத வீட்டுக்கும் குளிர் வந்தே தீரும்.

அக்காவின் வீட்டில் வேலை முடிந்த மாலையில் இளைஞர் காவற்காரப் பெரியவரைக் கூப்பிட்டுக் கீபேடின் முன் நிறுத்தினார்.

"எழுதப் படிக்கத் தெரியுங்களா, ஐயா?"

"தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன் தம்பி. இது இங்கிலீசாவுல்ல இருக்கு."

அக்கா உள்ளே போய், வகுப்பறைக்கு வாங்கி மிஞ்சியிருந்த வெள்ளைச் சீட்டுகளை எடுத்துவந்தார். ஆசிரியையின் கையெழுத்தில், தடித்த மசியில், முதல் விசைக்கு 'படுக்கப் போகிறோம்' என்றும், மூன்றாவதற்குக் 'கதவு மணி' என்றும், நான்காவதற்குப் 'பால் வாங்க' என்றும், கடைசி விசைக்கு 'ஊருக்குப் போகிறோம்' என்றும் எழுதி ஒட்டினார். இரண்டாவது விசையின் மேல் வெறும் சீட்டு. ஆபத்து விசைக்குச் சிவப்பு மையில் 'இரண்டு எண்ணும் வரை அழுத்து' என்று எழுதினார். பெரியவர் ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தார். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி, இருட்டில் தடவி முதல் விசையை மூன்று முறை சரியாக அழுத்திக் காட்டினார். அன்று இரவு முதல் அந்த வீட்டில் காவல் ஒரு நாளும் தவறியதில்லை.

இந்தச் சீட்டுகளை ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை தம் கையால் எழுத வேண்டியிருந்ததே என்பதுதான் என் குறை. தமிழ்நாட்டில் அலாரம் விற்கிறவர்கள் அத்தனை பேரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: பெட்டியோடு தமிழில் அச்சிட்ட விசைச்சீட்டுகளையும், நான்கு பக்கத்துக்கு மேற்படாத ஒரு தமிழ்க் கையேட்டையும் கொடுங்கள், வைத்துவிட்டுப் போகுமுன் அந்த வீட்டில் இரவில் தங்கப்போகிறவரை, அவர் உடையவரானாலும் காவற்காரரானாலும், பெட்டியின் முன் நிறுத்தி அழுத்திப் பார்க்கச் செய்யுங்கள். மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது பகலிலேயே காரில் திரும்பிவிடாமல் ஓர் இரவு தங்கி, விளக்கை அணைத்துவிட்டு, உங்கள் காவற்காரரைக் கூப்பிட்டு, எந்த விசை எங்கே இருக்கிறதென்று அவரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஊர் திரும்புமுன் காவல் நிலையத்திலும் வீடு பூட்டியிருக்கும் நாட்களைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவசரத்துக்கு 112 என்ற எண்ணைக் கீபேடுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதி ஒட்டுங்கள்.